ஒரே பக்கம், பல முகவரி: கூகுளில் பின்னுக்குப் போகும் தளத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சிறிய இணையத்தளங்களைப் பராமரித்துக் கொடுப்பவர்களிடம் அதிகம் வரும் முறைப்பாடு இதுதான்: "சைட் இருக்கு, ஆனா கூகுள்ல வருகுதில்ல." பாசிக்குடா ஹோட்டலாக இருக்கலாம், மருதமுனைக் கைத்தறிக் கடையாக இருக்கலாம், கல்முனையில் ஒரு டியூட்டரியாக இருக்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஒரே சங்கதிதான். ஒரே பக்கம் இரண்டு மூன்று முகவரிகளில் கிடக்கிறது, அல்லது அதே எழுத்து வேறு யாருடைய தளத்திலோ இருக்கிறது. எதைக் காட்டுவது என்று கூகுள் தானாகவே முடிவெடுத்துவிடுகிறது. அந்த முடிவு உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடலாம். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் தளத்தையே தண்டித்துவிடும் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு தண்டனை இல்லை என்று கூகுள் 2008இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பிறர் எழுத்தை அள்ளிப் போட்டுத் தேடலை ஏமாற்றும் தளங்களின் கதை வேறு. சாதாரணத் தளத்தில் நடப்பது இவ்வளவுதான்: ஒரே மாதிரியான பக்கங்களைக் கூகுள் ஒரு கூட்டமாகச் சேர்த்து, அதில் ஒன்றைத் தலைமைப் பக்கமாகத் தெரிவுசெய்து, மற்றவற்றை ஒதுக்கிவைக்கிறது. அந்தத் தலைமைப் பக்கத்தைத்தான் கெனொனிக்கல் என்கிறோம். எந்த முகவரி தலைமை என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். பிறகு தளத்தில் எந்த மூலையில் கேட்டாலும் கூகுளுக்கு அந்த ஒரே பதில் கிடைக்க வேண்டும். கீழே உள்ள தீர்வுகள் எல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

கைவைக்கும் முன் மூன்று சோதனைகள்

ஒன்று: உங்கள் பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். அதே வாக்கியம் வேறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். தலைப்பையோ முதல் வரியையோ எடுக்காதீர்கள். பேஸ்புக்கில் பகிரப்பட்டவை எல்லாம் வந்து குழப்பும்.

இரண்டு: தேடல் பெட்டியில் சைட் (site) என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். கூகுள் வைத்திருக்கும் பக்கங்கள் வரும். முழுப் பட்டியல் என்று நம்ப முடியாது, ஆனால் விசித்திரமான முகவரிகள் இருந்தால் இங்கேயே கண்ணில் படும்.

மூன்று: கூகுள் சேர்ச் கன்சோல். உங்கள் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கருவி இது, இலவசம். தளத்தைச் சேர்க்கும்போது டொமைன் ப்ரொப்பர்ட்டி என்ற வகையைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு டிஎன்எஸ் எனப்படும் டொமைன் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும், டொமைன் வாங்கிய இடத்தில் கேட்டால் செய்து தருவார்கள். அந்த வகையில்தான் உங்கள் தளத்தின் எல்லா முகவரி வடிவங்களும் ஒரே இடத்தில் தெரியும்.

அறிகுறி: கடையின் பெயரைத் தேடினால் பழைய வடிவ முகவரி வருகிறது

எச்டிடிபி என்று தொடங்குவது, எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவது, இரண்டிலும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளது, இல்லாதது. ஒரே கடைக்கு இப்படி நான்கு வாசல். நான்கும் தனித்தனியாகத் திறந்து கிடந்தால் கூகுளுக்கு அவை நான்கு பக்கங்கள்.

சோதிப்பது எளிது. போனில் ஒரு பிரைவேட் டாப் திறந்து நான்கு வடிவத்தையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். ஒவ்வொரு தடவையும் பக்கம் வந்த பிறகு முகவரிப் பட்டையைத் தொட்டு முழு முகவரியையும் பாருங்கள். குரோம் முன்பகுதியை மறைத்துக் காட்டுவதால் தொடாமல் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். நான்கும் ஒரே முகவரியில் போய் நின்றால் இந்த அறிகுறி உங்களுடையது இல்லை, அடுத்ததற்குப் போங்கள்.

வேறு வேறாக நின்றால், எச்டிடிபிஎஸ் வடிவங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பதில் தேடலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எச்டிடிபிஎஸ்ஸைப் பொறுத்தவரை 2014 முதல் அது தரவரிசைக்கான ஒரு சிறு காரணியாகவே இருக்கிறது. மற்ற மூன்றையும் 301 ரீடைரெக்ட் என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் அதற்குத் திருப்ப வேண்டும். சீபெனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால் பொது அமைப்புகளில் உள்ள இரண்டு முகவரிப் பெட்டிகளிலும் தெரிவுசெய்த வடிவத்தையே எழுதுங்கள். 302 என்ற தற்காலிகத் திருப்பலைப் போட்டால் கூகுள் அதைப் பலவீனமான சைகையாகவே எடுத்துக்கொள்ளும், எனவே 301 தானா என்று உறுதிப்படுத்துங்கள். பழைய உள்பக்கம் ஒவ்வொன்றும் அதன் புதிய உள்பக்கத்துக்கே போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினால், கூகுள் அந்தப் பக்கங்களை இல்லாத பக்கங்களாகவே கணக்கெடுக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. விருப்ப டொமைனைச் சேர்ச் கன்சோலிலேயே தெரிவுசெய்யலாம் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். அந்த வசதி 2019இல் எடுக்கப்பட்டுவிட்டது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டாவது பாரதூரமானது. வேண்டாத வடிவத்தைச் சேர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவியில் போட்டு நீக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்தக் கோரிக்கை டபிள்யூ உள்ளது, இல்லாதது, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே வேலை செய்யும். நல்ல பக்கமும் ஏறக்குறைய 6 மாதம் தேடலிலிருந்து மறைந்துபோகும். சீசன் தொடங்கும் நேரத்தில் ஒரு ஹோட்டலுக்கு இது நடந்தால் அந்த வருடத்து நேரடி முன்பதிவு போனதுதான்.

கடைசியாக, பேஸ்புக் பக்கம், கூகுள் வரைபடத்தில் உள்ள வியாபார விபரம், வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்று நீங்களே கொடுத்த இணைப்புகளையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: தளத்தைச் செய்து தந்தவரின் சோதனை முகவரி தேடலில் வருகிறது

தளத்தைக் கட்டும்போது வடிவமைப்பாளர் தன்னுடைய டொமைனுக்குக் கீழே ஒரு மாதிரிப் பிரதியை வைத்துக் காட்டியிருப்பார். வேலை முடிந்து பணமும் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பிரதி மட்டும் அங்கேயே கிடக்கிறது. சில நேரம் அதற்குத்தான் கூகுளில் வயது அதிகம், அதனால் அதையே தலைமையாகத் தெரிவுசெய்துவிடும்.

அவரிடம் மரியாதையாகக் கேட்டு அந்தப் பிரதியை அழிக்கச் சொல்லுங்கள், அல்லது உங்கள் தளத்துக்கு 301 போடச் சொல்லுங்கள். இன்னும் சோதனைக்குத் தேவை என்றால் கடவுச்சொல் போட்டுப் பூட்டட்டும். எங்கே நுழையலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதித் தடுப்பது போதாது, ஏன் என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம். வேர்ட்பிரஸ்ஸில் இதற்கு மறுபக்கமும் உண்டு. தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற பெட்டியில் சோதனைக் காலத்தில் சரி போட்டுவிட்டு, தளம் வெளியான பிறகு எடுக்க மறந்திருப்பார்கள். தளம் எங்குமே வரவில்லை என்றால் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சேர்ச் கன்சோலில் டூப்ளிகேட் என்று எழுதிய வரிகள்

பேஜஸ் அறிக்கையைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியல் வரும். பலர் இதைக் கண்டதும் பதறுகிறார்கள். எல்லா வரியும் வருத்தம் இல்லை, ஒவ்வொன்றையும் பிரித்து வாசிக்க வேண்டும்.

"ஆல்டர்னேட் பேஜ் வித் ப்ரொப்பர் கெனொனிக்கல் டாக்" என்று இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நகல் பக்கம் தலைமைப் பக்கத்தைக் காட்டியிருக்கிறது, கூகுளும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. விட்டுவிடுங்கள். "பேஜ் வித் ரீடைரெக்ட்" என்பதும் அப்படித்தான்.

"டூப்ளிகேட் விதவுட் யூசர் செலக்டட் கெனொனிக்கல்" என்றால், பக்கம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, எது தலைமை என்று நீங்கள் எதுவும் சொல்லவில்லை, கூகுளே ஒன்றை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். தீர்வு, கெனொனிக்கல் குறியைப் போடுவது. 2009 பெப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்திய ஒற்றை வரி இது. பக்கக் குறியீட்டின் தொடக்கத்திலுள்ள ஹெட் பகுதிக்குள், இதன் தலைமை முகவரி இன்னது என்று எழுதுவது. வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற பிளகின்கள் தாமாகவே போடும். இரண்டு பிளகின்களை ஒன்றாக ஓடவிட்டு, ஒரே பக்கத்தில் இரண்டு கெனொனிக்கல் வரிகள் இருக்கும் தளங்களும் உண்டு. இரண்டும் வேறு முகவரியைக் காட்டினால் கூகுள் இரண்டையுமே பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து கெனொனிக்கல் என்று தேடுங்கள். ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும்.

"டூப்ளிகேட், கூகுள் சோஸ் டிஃபரன்ட் கெனொனிக்கல் தேன் யூசர்" என்பதுதான் உண்மையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வரி. நீங்கள் ஒன்றைச் சொன்னீர்கள், கூகுள் வேறொன்றைத் தெரிவுசெய்துவிட்டது. கெனொனிக்கல் என்பது கட்டளை இல்லை, பலமான ஒரு சைகை மட்டுமே. அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேர்ச் கன்சோலின் மேற்பகுதியில் உள்ள பரிசோதனைப் பெட்டியில் ஒட்டுங்கள். முடிவில் பேஜ் இண்டெக்சிங் பகுதியை விரித்தால் இரண்டு வரிகள் தெரியும். ஒன்று நீங்கள் அறிவித்த கெனொனிக்கல், மற்றது கூகுள் தெரிவுசெய்த கெனொனிக்கல். இரண்டாவது வரியில் என்ன முகவரி இருக்கிறது என்பதில்தான் முழுக் காரணமும் இருக்கிறது.

அங்கே உங்கள் தளத்தின் வேறொரு பக்கம் இருந்தால், உங்கள் சைகைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. கெனொனிக்கல் ஒரு முகவரியைச் சொல்கிறது, கூகுளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் இன்னொன்று இருக்கிறது, மெனுவிலுள்ள இணைப்பு மூன்றாவதற்குப் போகிறது. ரீடைரெக்டும் கெனொனிக்கலும் பலமான சைகைகள், சைட்மேப் சற்றுப் பலவீனமானது. ஆனால் எல்லாம் ஒரே திசையில் இருந்தால்தான் பலன். அங்கே முற்றிலும் வேறு ஒருவருடைய தளம் இருந்தால், கீழே செய்தி பற்றிய பகுதியைப் பாருங்கள்.

இப்போது ரோபோட்ஸ் கோப்புக்கு வருவோம். நகல் பக்கங்களைக் கண்டதும் பலர் முதலில் செய்வது, ரோபோட்ஸ் கோப்பில் டிஸ்அலவ் என்று எழுதிக் கூகுளைத் தடுப்பது. இது பிரச்சினையை உறைய வைத்துவிடும். தடுத்த பக்கத்துக்குள் கூகுளால் போக முடியாது. போக முடியாவிட்டால் அங்கே நீங்கள் எழுதியுள்ள கெனொனிக்கலையும் வாசிக்க முடியாது, பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியையும் வாசிக்க முடியாது. வெளியே எங்கிருந்தாவது அந்த முகவரிக்கு இணைப்பு இருந்தால், உள்ளடக்கம் தெரியாமலேயே வெறும் முகவரியாகத் தேடலில் நிற்கவும் கூடும். ரோபோட்ஸ் கோப்பிலேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழக்கத்துக்கும் இப்போது பலன் இல்லை; 2019 செப்டெம்பர் 1 முதல் கூகுள் அதை ஏற்பதில்லை. தடையை எடுங்கள், கூகுள் உள்ளே வந்து கெனொனிக்கலை வாசிக்கட்டும். அதேபோல ஒரே பக்கத்தில் நோஇண்டெக்ஸும் வேண்டாம், வேறு பக்கத்தைக் காட்டும் கெனொனிக்கலும் வேண்டாம். ஒன்று இந்தப் பக்கத்தை மறந்துவிடு என்கிறது, மற்றது இதன் மதிப்பை அங்கே சேர் என்கிறது.

அறிகுறி: எழுதியது கொஞ்சம், கூகுளில் இருப்பதோ அதைவிடப் பல மடங்கு

வேர்ட்பிரஸ் ஒரு பதிவைப் பல இடங்களில் காட்டும்: வகைப் பக்கம், டேக் பக்கம், எழுதியவர் பக்கம், மாதப் பக்கம். ஒரே ஒருவர் எழுதும் தளத்தில் எழுதியவர் பக்கமும் பதிவுகளின் பட்டியல் பக்கமும் அச்சு அசல் ஒன்று. எழுதியவர் பக்கத்தையும் மாதப் பக்கத்தையும் பிளகினிலேயே மூடிவிடலாம். பழைய தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் உருவாகியிருக்கும். 2023இல் வந்த வேர்ட்பிரஸ் 6.4 முதல் புதிய தளங்களில் அது இல்லை, பழையவற்றில் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

டேக் விடயத்தில் நம் பக்கத்துத் தளங்களுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. அறுகம்பே, அறுகம்பை, அறுகம் குடா என்று எழுதுபவருக்கு எழுதுபவர் வேறு டேக் போடுவார்கள். அதற்கு மேல் பொத்துவில், பொத்துவில் செய்திகள் என்று இன்னும் இரண்டு. ஐந்து டேக் பக்கத்திலும் கிடப்பது அதே பதிவுகள். ஒரு எழுத்துமுறையைத் தீர்மானித்து, மற்றவற்றை அதில் சேர்த்து, பழைய டேக் முகவரிகளை 301இல் திருப்புங்கள்.

முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் நீண்ட வாலும் ஒட்டியிருந்தால் அது பேஸ்புக் பகிர்விலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ வந்தது. பக்கத்தில் தன்னையே காட்டும் கெனொனிக்கல் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். கடைத் தளங்களில் விலைவாரியாக அடுக்குவது, நிறம், அளவு என்று வடிகட்டும் பொத்தான்கள் ஒவ்வொன்றும் புது முகவரி பெறும். அவற்றின் கெனொனிக்கல் வகைப் பக்கத்தைக் காட்ட வேண்டும். முன்பு இதற்குச் சேர்ச் கன்சோலில் யூஆர்எல் பராமீட்டர்ஸ் என்று ஒரு கருவி இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள்.

அறிகுறி: தமிழ் முகவரிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன

இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் காணவில்லை, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வேர்ட்பிரஸ்ஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே அது சதவீதக் குறிகளாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு தமிழ் யூனிக்கோட் எழுத்துக்கும் 9 இடம் செலவாகும், மொத்த இடமோ 200. புள்ளியும் துணைக்கால் போன்ற குறிகளும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். அப்படியென்றால் ஏறக்குறைய 22 எழுத்துக் குறிகளுக்கு மேல் முகவரியில் இடமில்லை.

மட்டக்களப்பு என்ற சொல்லுக்கே 12 போய்விடுகிறது. "மட்டக்களப்பு மாவட்டத்தில்" என்று தொடங்கும் தலைப்பு எதுவாக இருந்தாலும் முகவரி "மட்டக்களப்பு-மாவட்டத்தி" என்ற இடத்தில் அறுந்துவிடும். டெங்குச் செய்தி, வெள்ளச் செய்தி, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் அதே முகவரி, பின்னால் 2, 3, 4 என்று எண் மட்டும் வேறு. உள்ளடக்கம் வேறு என்பதால் இது நேரடி நகல் இல்லைதான். ஆனால் முகவரியின் அமைப்பைப் பார்த்தே ஒன்றை இன்னொன்றின் நகலாகக் கூகுள் ஊகிப்பதும் உண்டு. அதோடு எந்த இணைப்பு எந்தச் செய்தி என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாமல் போய், ஒரே செய்தியை இரண்டு தடவை பதிவேற்றுவதும் இங்கேதான் நடக்கிறது. வெளியிடும் முன் முகவரிப் பெட்டியைத் திறந்து, சுருக்கமாகக் கையால் எழுதுங்கள். "உன்னிச்சை-வான்கதவு" போதும். ஆங்கில எழுத்தில் வைத்தாலும் குறைவில்லை. ஏற்கனவே வெளியானவற்றை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து 301 இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாதது. கொக்கட்டிச்சோலை என்று எழுதுங்கள். முதலெழுத்தான "கொ"வின் உயிர்க்குறியை யூனிக்கோட்டில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். "சோ"வுக்கும் அப்படியே. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. முகவரியாகும்போது இரண்டும் வேறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிக்கோட்டுக்கு மாற்றும் சில பழைய மாற்றிகள் குறிகளைப் பிரித்தே தரும். அதை அப்படியே ஒட்டினால், கையால் கட்டிய தளங்களிலும் பழைய தளங்களிலும் ஒரே பெயருக்கு இரண்டு பக்கம் உருவாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: சந்தேகமான இரண்டு முகவரிகளையும் கொப்பி பண்ணி வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். பிரவுசர் அவற்றைச் சதவீதக் குறிகளாகத் தரும். இரண்டும் ஒரே நீளமா என்று பாருங்கள். நீளம் வேறானால் ஒன்றை மற்றதற்குத் திருப்புங்கள்.

யூனிக்கோட் வருவதற்கு முந்திய பாமினிப் பக்கங்களை இன்னும் வைத்திருக்கும் தளங்களும் நம் பகுதியில் உண்டு. கூகுளுக்கு அந்தப் பக்கம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற கோவை. தமிழில் தேடுபவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. யூனிக்கோட் பக்கம் ஒன்று செய்து பழையதை அதற்கு 301 போடுங்கள். உள்ளே கிடக்கும் பழைய ஊர் வரலாறுகளுக்காகவாவது இதைச் செய்யத்தான் வேண்டும்.

அறிகுறி: மும்மொழித் தளத்தில் தமிழ்ப் பக்கம் மட்டும் வருவதில்லை

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே விடயத்தை எழுதினால் நகலாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. உண்மையாக மொழிபெயர்த்த பக்கங்கள் தனித்தனிப் பக்கங்கள். மெனுவையும் அடிப்பகுதியையும் மட்டும் தமிழாக்கிவிட்டு நடுவில் ஆங்கிலப் பந்திகளை அப்படியே விட்டால்தான் கூகுள் அதை ஆங்கிலப் பக்கத்தின் நகலாகச் சேர்த்துக்கொள்ளும். பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல் தளங்களில் இதுதான் அதிகம்.

உடலை முழுமையாகத் தமிழாக்குங்கள். இல்லையென்றால் அது தயாராகும்வரை தமிழ்ப் பக்கத்தை வெளியிடாமல் வையுங்கள். பிறகு மூன்று பக்கங்களையும், எந்தப் பக்கம் எந்த மொழி என்று சொல்லும் எச்ரெஃப்லாங் குறியால் இணையுங்கள். மூன்றும் ஒன்றையொன்று காட்ட வேண்டும், தன்னையும் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் கூகுள் கணக்கெடுக்காது. தமிழ்ப் பக்கத்தின் கெனொனிக்கல் தமிழ்ப் பக்கமாகவே இருக்கட்டும். அது ஆங்கிலப் பக்கத்தைக் காட்டியதால் தமிழ்ப் பக்கம் முழுவதும் தேடலிலிருந்து காணாமல் போன தளங்கள் உண்டு.

அறிகுறி: ஹோட்டல் பெயரைத் தேடினால் முன்பதிவுத் தளங்களே முன்னால்

முன்பதிவுத் தளத்துக்கு எழுதிக் கொடுத்த அதே விபரத்தைச் சொந்தத் தளத்திலும் ஒட்டியிருப்பீர்கள். எழுத்து ஒன்று, அவர்களின் தளமோ பெரியது. இங்கே கெனொனிக்கல் எதுவும் உதவாது, எழுத்துதான் மாற வேண்டும்.

அவர்கள் எழுத முடியாததை நீங்கள் எழுதுங்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு ரயிலில் வருபவர் பாசிக்குடாவுக்கு எங்கே இறங்குவது, அங்கிருந்து ஓட்டோவுக்கு என்ன கேட்பார்கள், மட்டக்களப்பு நகரிலிருந்து 35 கிலோமீற்றர் அளவு வடக்கே வர எவ்வளவு நேரம். பொத்துவிலுக்கு ரயில் கிடையாது என்பதால் எந்த வழி பஸ் நல்லது. சித்திரைக்குப் பிறகு அறுகம்பேயில் அலை எப்படி, வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது பாசிக்குடாக் கடல் எப்படி மாறும். காலைச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன்குழம்பும் கிடைக்குமா. இதை உங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் தம்பி தினமும் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் சொல்வதை எழுதினாலே உலகத்தில் வேறெங்கும் இல்லாத பக்கம் ஒன்று கிடைத்துவிடும்.

கைத்தறிக் கடைக்கும் இதே நியாயம். ஒரே சேலை பத்து நிறம் என்றால் பத்துப் பக்கம் தேவையில்லை. ஒரே பக்கத்தில் நிறத் தெரிவு வையுங்கள். தனிப் பக்கம் வேண்டுமென்றே இருந்தால் ஒன்றைத் தலைமையாக்குங்கள். மொத்த வியாபாரி அனுப்பிய விபரத்தை ஒட்டாமல், நூல் என்ன, கரை எத்தனை விரல் அகலம், முதல் தோய்ச்சலில் சாயம் போகுமா என்று எழுதுங்கள்.

அறிகுறி: ஊருக்கு ஒரு பக்கம் போட்டேன், ஒன்றும் ஏறவில்லை

ஏசி திருத்தம் மட்டக்களப்பு, ஏசி திருத்தம் காத்தான்குடி, ஏசி திருத்தம் ஏறாவூர். பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. கூகுள் இதை வாசல் பக்கங்கள் என்று வகைப்படுத்தித் தன் ஸ்பாம் கொள்கையில் சேர்த்திருக்கிறது. முன்னே சொன்ன தண்டனைப் பயம் நியாயமாகும் இடம் இது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சேவைப் பக்கமாக்கி, போகும் ஊர்களையும் நேரத்தையும் கட்டணத்தையும் அதில் எழுதுங்கள். ஓர் ஊரில் உண்மையாகவே கடை இருந்தால் மட்டும் தனிப் பக்கம் வைக்கலாம்.

அறிகுறி: நாங்கள் எழுதிய செய்தி, ஆனால் கொப்பி பண்ணியவர் முன்னால் நிற்கிறார்

முதலில் நேர்மையாக ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அது நீங்கள் எழுதியதா, மாவட்டச் செயலகம் அனுப்பிய ஊடக அறிக்கையா? அறிக்கை என்றால் எல்லோரும் அதையே போட்டிருப்பார்கள், யார் முந்துவது என்பது தளத்தின் பலத்தைப் பொறுத்தது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்த அறிவித்தலை அப்படியே போடுவதற்குப் பதில், எந்த வீதியில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பஸ் போகவில்லை, பாடசாலையில் எத்தனை குடும்பம் தங்கியிருக்கிறது, உதவிக்கு 117ஐ அழைக்கலாம் என்று சேர்த்து எழுதினால் அது உங்கள் பக்கமாகிவிடும். அந்த நேரத்தில் வாசிப்பவருக்குத் தேவையானதும் அதுதான்.

சொந்த எழுத்து என்றால் படிப்படியாகப் போங்கள். உங்கள் பக்கம் கூகுளில் ஏறியிருக்கிறதா என்று பரிசோதனைப் பெட்டியில் பாருங்கள்; ஏறவே இல்லையென்றால் கொப்பி பண்ணியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புதுச் செய்தி உடனே முகப்பிலும் சைட்மேப்பிலும் வர வேண்டும். புதுப் பதிவுகளைத் தானாக வெளியே கொடுப்பது ஃபீட். வேர்ட்பிரஸ் வாசிப்பு அமைப்புகளில் அதற்கு முழு எழுத்து என்பதைச் சுருக்கம் என்று மாற்றுங்கள். தானியங்கியாகத் திருடும் தளங்கள் ஃபீட்டிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

இணங்கிப் போகிறவர் என்றால் பேசிப் பாருங்கள். கூட்டாகச் செய்தி பகிரும் தளங்கள் தங்கள் பிரதிக்கு நோஇண்டெக்ஸ் போடுவதுதான் சரியான வழி. இப்படியான பகிர்வுக்குக் கெனொனிக்கலைப் பரிந்துரைப்பதில்லை என்று கூகுள் 2023இல் மாற்றிச் சொல்லிவிட்டது. பிறர் எழுத்தோடு சேரும்போது சுற்றியுள்ள பக்கம் வேறாக இருப்பதால் அது எடுபடாமல் போகிறது. இணங்காதவர் என்றால் கூகுளின் பதிப்புரிமை நீக்கக் கோரிக்கை இருக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்துக்கும் புகைப்படத்துக்கும் உருவாக்கிய உடனேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. சம்பவத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. நீங்கள் எழுதிய விதத்துக்கும் எடுத்த படத்துக்கும்தான். கோரிக்கை அனுப்பும் முன் இரண்டு பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் திகதியோடு சேமித்து வையுங்கள்.

அறிகுறி: டியூட்டரித் தளத்தில் பக்கத்துக்குப் பதில் பிடிஎஃப் வருகிறது

கடந்தகால வினாத்தாள்களும் குறிப்புகளும் பிடிஎஃப்பாகவும் பக்கமாகவும் இருந்தால் இது நடக்கும். பிடிஎஃப்புக்குள் ஹெட் பகுதி இல்லாததால் கெனொனிக்கலை, சேர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் எச்டிடிபி ஹெடர் வழியாக அனுப்ப வேண்டும். ஹோஸ்டிங் ஆட்களிடம் கேளுங்கள். பாமினியில் செய்த பிடிஎஃப் என்றால் எழுத்தே கூகுளுக்குப் புரியாது. பாடம், ஆண்டு, பகுதி, விடைத்திட்டம் உண்டா என்பதை யூனிக்கோட்டில் எழுதிய ஒரு பக்கம் வைத்து அதிலிருந்து பிடிஎஃப்புக்கு இணைப்புக் கொடுங்கள்.

சரிசெய்த பிறகு

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் ரீடைரெக்ட், பிறகு உள் இணைப்புகளும் சைட்மேப்பும், அப்புறம் கெனொனிக்கல். முக்கியமான பக்கங்களைப் பரிசோதனைப் பெட்டியில் போட்டு இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். சிறு தளத்துக்குச் சில வாரங்கள், சில பக்கங்களுக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அந்த இடைவெளியில் வரிசை மேலும் கீழும் ஆடுவது சகஜம், அதைப் பார்த்துத் திரும்பவும் மாற்றினால் கூகுள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

301 ரீடைரெக்டைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காமல் வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது, முடிந்தால் நிரந்தரமாகவே வையுங்கள். டொமைனையே மாற்றியிருந்தால் பழைய டொமைனுக்கும் வருடப் பணத்தைத் தொடர்ந்து கட்டுங்கள். அது காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால் ரீடைரெக்டும் அதோடு போய்விடும். பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து முகவரியை அடிக்கும் வாடிக்கையாளர் அந்த ஆளின் தளத்தில் போய் நிற்பார்.